கரவனில் வைத்த அரிசி

கோடையில் வேலை கிடைக்கும் ஊர்களுக்கெல்லாம் வீடுபோல வசதியுள்ள என் பழைய கரவன் வண்டியைக் காரில் பூட்டி இழுத்துச் சென்று அதிலேயே வசிப்பேன். குளிர்காலத்தில் அதைப் பீலெஃபெல்ட் நகருக்கு அருகே ஒரு கொட்டகையில் விடுவேன். ஒருமுறை, குளிரில் உறைந்து வெடிக்காதிருக்கக் குழாய்த் தண்ணீரை முழுவதும் வடித்தேன். உப்புப் போத்தலில் அரிசி போடுவதுபோல, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று மூன்று கோப்பைகளில் அரிசி வைத்தேன்.

வசந்தத்தில் திறந்தபோது கோப்பைகள் காலி. எலிகளின் வேலை என்று சிரித்துவிட்டு, தேநீர் வைக்க எரிவாயுவைத் திறந்து தீக்குச்சியை எடுத்தேன். துப்புரவாக்க உதவிக்கு வந்த சாந்தி அக்கா கத்தினார்: "டேய், கொளுத்தாதை! காஸ் மணக்குது. உனக்கு மூக்கில்லையே?"

உடனே மூடிவிட்டுப் பார்த்தோம். எரிவாயு வரும் ரப்பர்க் குழாயை எலிகள் கடித்துத் துளைத்திருந்தன.

"விருந்து வைச்சுக் கூப்பிட்டால் அதுகள் வராமல் என்ன செய்யும்?" என்றார் அக்கா.

இப்போது ஒரு அரிசிகூட விடாமல் கூட்டிவிட்டே வண்டியைப் பூட்டுகிறேன். அந்த ரப்பர்க் குழாயை முழுநீளமும் தடவிப் பார்க்காமல் எரிவாயுவைத் திறப்பதில்லை.