உடைத்துக் கொடுத்த தரை

அந்த வெள்ளிக்கிழமை போனவர்கள் அப்பா, அம்மா, நான், அம்மாவின் இடுப்பில் தங்கை. வராதவர் சித்தப்பா. அவர் அப்போது புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தார். அப்பாவிடமிருந்து போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அரைப்பரீட்சை விடுமுறைக்கு நாங்கள் விசிட் விசாவில் துபாய்ப் பக்கத்து அஜ்மானுக்கு வந்திருந்தோம். அப்பாவுக்கு அங்கே டைல்ஸ் வேலை. பாலைவன ஓரத்துப் பூங்கா ஒன்றில், ரோமானியர்களின் பழைய மாளிகை இடிந்து கிடப்பதைப் போலவே புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதற்கு மொசைக் தரை போட்டது அப்பாவும் சித்தப்பாவும்தான். எட்டு மாதம் குந்தியே இருந்து போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆறாம் வகுப்பில் ரோமானியர்களைப் படித்தாகிவிட்டது. ஆகையால் அன்றைக்கு எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

பனிமூட்டம் இன்னும் விலகியிருக்கவில்லை. பாதியில் நின்றுபோன தூண்கள் வெள்ளையாக மிதந்தன. கூரையில்லாத அறைகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தோம். காலடியில் திராட்சைக் கொடி ஓடியது, மயில் நின்றது. நாங்கள்தான் அந்த வீட்டுக்காரர்கள் என்றும், வெளியே போன வேலைக்காரர்கள் இதோ திரும்பிவிடுவார்கள் என்றும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கடைசி அறையில் கடல். நீலக் கற்களில் அலை அலையாக. ஒரு மூலையில் மட்டும் தரை பெயர்ந்து வெறும் சிமென்ட் தெரிந்தது.

"ஏம்ப்பா, இந்த மூலைய முடிக்கலையா?"

"முடிச்சோம். பழசாத் தெரியணும், உடைச்சுக் குடுன்னாங்க."

"ஒங்க சித்தப்பா போட்ட மீனுடா அது," என்றாள் அம்மா. "உடைக்க மாட்டேன்னு இன்ஜினீயர்கிட்ட எகிறிட்டாரு. கலாஸ், ஒன் வேல முடிஞ்சதுன்னு ஊருக்கு ஏத்திவிட்டுட்டாங்க."

"அப்பறம் யாரு உடைச்சா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"வேற ஆளு வந்தா மொத்தத்தையும் பேத்துருப்பான்," என்றார் அப்பா. "நான் வால மட்டும் விட்டுட்டேன்."

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றினார். மங்கிக் கிடந்த கற்கள் நனைந்ததும் நிறம் பிடித்தன. சிமென்ட் விளிம்பிலிருந்து சிவப்பும் பொன்னுமாக ஒரு வால் வெளியே வந்தது. தண்ணீர் ஓட ஓட அது அசைந்தது. தங்கை கைதட்டினாள். மீன் உடைபடவே இல்லை, சிமென்ட்டுக்குள் தலையை விட்டு ஒளிந்திருக்கிறது, கூப்பிட்டால் வந்துவிடும் என்று நினைத்தேன்.

"பாய்! பானி மத் டாலோ!" என்று, தண்ணீர் ஊற்றக் கூடாதென இந்தியில் கத்திக்கொண்டே காவலாளி ஓடி வந்தார்.

"சாரி பாய், சாரி." அப்பா கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் துடைத்தார். வால் மறுபடி மங்கியது.

வெளியே வரும்போது அப்பாவின் சட்டைப் பையைக் கவனித்தேன். டிக்கெட்டுகளில் மூன்று கிழித்தவை, எனக்கு எடுத்த பத்து திர்ஹம் அரை டிக்கெட்டும் அதில் ஒன்று. நான்காவது கிழிக்காமல் மடித்து வைத்திருந்தது. பெரியவர்கள் டிக்கெட்.

"அப்பா, ஒண்ணு கூட எடுத்துட்டீங்க. பாப்பாவுக்கு ஃப்ரீ, போர்டுலயே போட்டுருக்கு."

"இருக்கட்டும்டா."

"இருவது திர்ஹம்ப்பா! நான் பேசி வாங்கித் தர்றேன்."

"இருக்கட்டுங்குறேன்ல."

இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. டிக்கெட்டை உருவிக்கொண்டு ஓடினேன். கவுன்டரில் இருந்த பிலிப்பைன்ஸ் அக்கா என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பணத்தைத் திருப்பித் தந்தாள். அப்பா அந்த நோட்டை வாங்கி, டிக்கெட்டை மடித்தது போலவே மடித்து, அதே பையில் வைத்துக்கொண்டார். அம்மா என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அது எனக்குக் குறையாகவே இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பாவிடம் இந்தச் சாமர்த்தியத்தைத்தான் முதலில் சொன்னேன். வாலைப் பற்றி அப்புறம்தான்.

"எனக்கும் சேத்தா எடுத்தாரு அண்ணன்?"

"ஒங்களுக்கு எதுக்கு? நீங்கதான் வரலையே. அப்பாவுக்குக் கணக்கு தப்பிருச்சு சித்தப்பா."

"எங்க, குடு பாப்போம்," என்று கையை நீட்டினார்.

"அதான் திருப்பிக் குடுத்துட்டேனே!"

நீட்டிய கையை அவர் உடனே மடக்கிக்கொள்ளவில்லை. நான் வெகுநேரம் காத்திருந்தேன், அவரும் பாராட்டவில்லை.

ரோமாபுரி பார்க்க எழுபது திர்ஹம் ஆகியிருக்க வேண்டியது. என் புண்ணியத்தில் ஐம்பதோடு முடிந்தது.