மாதனூரில் உருகாத ஐஸ்கிரீமும் நான் எழுதிய ஒரு வரியும்

போன வருடம் மே மாதம் இதே வலைப்பூவில் நான் எழுதிய ஆம்பூர் பயணத்தைப் படித்தவர்கள் இந்தப் பதிவையும் படித்தே ஆக வேண்டும். மாதனூர் கூட்ரோட்டில் ஒரு சின்னக் கடையில் ஐஸ்கிரீம் வாங்கி, தட்டில் வைத்து, நாற்பது நிமிடம் வெயிலில் விட்டுப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். குவியல் வைத்தபடியே நின்றது. அதற்குக் கீழே, "இப்படி இறுக்கிப் பிடிப்பது எது என்று கேட்காதீர்கள். இது தோல் பதனிடும் ஊர், மிச்சம் மீதி எங்கே போகிறதோ!" என்று எழுதினேன். நகைச்சுவையாம். நானே இரண்டு முறை படித்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்த ஏப்ரலில் ஒரு வாசகி கடிதம் எழுதினார். உணவுத் தொழில்நுட்பம் கற்பிப்பவர். ஐஸ்கிரீம் குலையாமல் நிற்கக் கொத்தவரை விதைப் பசையே போதும், தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் தேவையே இல்லை, விசாரித்துத்தான் எழுதினீர்களா என்று கேட்டிருந்தார். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. இரண்டு வாரம் பதில் போடாமல் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம், 95 ரூபாய். அங்கிருந்து வேலூருக்கு ஷேர் ஆட்டோ 30 ரூபாய். 9.40க்கு லாங் பஜாரில் இருந்தேன். கைவண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு நடந்து, பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் கொத்தவரைப் பசைப் பொடி கேட்டேன். கால் கிலோ 90 ரூபாய். பார்க்கக் கடலை மாவை வெளுத்தாற்போல இருந்தது. ஐஸ் போடுகிறவர்கள் எல்லாரும் வாங்குவதுதான், லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்கும் கம்மியாகப் போட வேண்டும், ஜாஸ்தியானால் கொழகொழத்துவிடும் என்றார் கடைக்காரர். மூன்று நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். போன வருடம் அந்த மூன்று நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

10.30க்கு ஆம்பூர் பேருந்து. மாதனூருக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர், 40 ரூபாய், ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. கூட்ரோட்டு ஐஸ் கடை இருக்கிறதா என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"தோல் ஐஸ் கடையா சார்? அது எப்பவோ மூடிட்டாங்க" என்றார், சீட்டைக் கிழித்துக்கொண்டே.

அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். மீதிப் பயணத்தில் ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கடை இருந்த இடத்தில் இப்போது பஞ்சர் ஒட்டுகிறார்கள். கடைக்காரர் வீடு பின் தெருவில். அவரைப் பால்ராஜ் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

அவரிடம் ஐஸ்கிரீம் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனிப் பெண்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் கூட்ரோட்டில் ஐந்து நிமிடம் நிற்கும். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்திருப்பார்கள், அதிலேயே ஐஸ்கிரீமை வாங்கி மூடி, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவார்கள். கடைசி ஊர் போய்ச் சேர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் பசையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறார். நான் குற்றமாகப் படம் பிடித்தது அவருடைய கைத்திறனை.

சொல்லிவிட்டு உள்ளே போய், பிள்ளைகளுக்காகப் போட்டு வைத்திருந்த ஐஸ்கிரீமில் ஒரு கரண்டி எடுத்துவந்து, தட்டில் வைத்து வாசல் வெயிலில் வைத்தார். நாற்பது நிமிடம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குவியல் அப்படியே நின்றது.

"இப்போ தொடுங்க சார்."

தொட்டேன். விரல் தடையே இல்லாமல் அடிவரை போனது. துளிகூடச் சில்லிப்பு இல்லை.

"ஐஸு எப்பவோ கரைஞ்சி போய்ட்டுது. நிக்கிறது வெறும் நுரை. கொழுப்பு காத்தைப் புடிச்சிக்கினு கீது, பசை தண்ணிய ஓட உடல, அவ்ளோதான். அன்னிக்கி ஒரு வாட்டி தொட்டுப் பாத்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்."

பதிவு பரவியதும் பெண்கள் டப்பா நீட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள். சந்தேகம் தீரட்டும் என்று இவர் பசையே போடாமல் செய்து பார்த்தார். அது பஸ்ஸிலேயே பாலாகி, டப்பாவிலிருந்து பைக்குள் வழிந்தது. அதுவரை விடாமல் வாங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் போனார்கள். தீபாவளிக்கு முன் கடையை மூடிவிட்டு, இப்போது ஷூ கம்பெனியில் பெட்டி அடுக்குகிறார். அவர் மனைவிக்கும் கம்பெனி வேலைதான். பஸ்ஸில் கேலி பொறுக்காமல், கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வேறு பஸ்ஸில் போகிறார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: மே மாதம் வேண்டாம், பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. ஆம்பூர் இங்கிருந்து 12 கிலோமீட்டர், பிரியாணிக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள். ஐஸ்கிரீம் உறையில் 412 என்றிருந்தால் கொத்தவரைப் பசை, 407 என்றிருந்தால் கடற்பாசியில் எடுத்தது. ஜெலட்டின் சேர்த்தால் சைவத்துக்கான பச்சைப் புள்ளி போட முடியாது. சந்தேகம் வந்தால் செய்தவரிடம் கேளுங்கள். கேட்காமல் எழுதாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான், சொல்கிறேன்.

பழைய பதிவை அன்றே நீக்கிவிட்டேன். கிளம்பும்போது, மறுப்பு எழுதுகிறேன், எல்லாருக்கும் அனுப்புகிறேன் என்று பால்ராஜிடம் சொன்னேன். அவர் தன் செல்போனைக் காட்டினார். போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. படம் என்னுடையது, வரியும் என்னுடையது. மாதனூர் என்ற பெயர் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்திருந்தது. அனுப்பியவர் பேர்ணாம்பட்டில் இருக்கும் அவருடைய சொந்த அண்ணன். கீழே, 'தம்பி, பசங்களுக்கு வெளிய ஐஸ் வாங்கித் தராதே' என்று எழுதியிருந்தார்.

அது உங்கள் ஐஸ்கிரீம்தான் என்று அண்ணனுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"வியாபாரம் ஓடல, மூடிட்டேன்னுதான் சொல்லிக்கீறேன். இதுக்கு இன்னான்னு சார் எழுதறது? சரிண்ணான்னு போட்டேன்."