அடுத்த எண்ணுக்கு விட்டது

நடந்தவை, வரிசையாக:

1. கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்தபோது, அப்பாவின் சொல்லுக்காக அரசு உதவிப் பொறியாளர் தேர்வு எழுதினேன்.
2. முடிவு வருவதற்குள் தம்பானூரில் பாலங்களை வடிவமைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அது பிடித்தும் போனது.
3. ரேங்க் லிஸ்ட் வந்தது. நானும் இருந்தேன். ஆரியசாலையில் அப்பாவின் பாத்திரக் கடைக்கு வந்த எல்லோருக்கும் அன்று லட்டு.
4. ரேங்க் வரிசைப்படி நியமனம் நடக்க நடக்க லிஸ்ட் மெல்ல நகர்ந்து, காலாவதியாகும் சமயத்தில் என் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
5. கடைக்கு வந்த ஒருவர் அப்பாவிடம், "உங்க மோளப் பத்தி ஒண்ணு பேசணும்" என்றார். மகளைப் பற்றி என்றதும் கல்யாணப் பேச்சு என்று அப்பா மகிழ்ந்துபோய், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். அம்மா கேசரி கிண்டினாள். நான் புடவை கட்ட வேண்டியதாயிற்று.

வந்தவர்கள் இருவர். ஒருவர் அப்பாவிடம் பேசிய அந்தப் பெரியவர், கல்லாற்றில் பலகாரக் கடை வைத்திருப்பவர். கூடவே முப்பத்தைந்து தாண்டிய ஒரு பெண். மாப்பிள்ளையின் அப்பாவும் அக்காவும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கையில் ஆப்பிளும் ஆரஞ்சும் வேறு.

"மோளுக்கு இப்பப் பாக்கிற ஜோலி ஸ்திரம்தானே?" என்று கேட்டார் பெரியவர்.

"ஸ்திரம்தான். ஆனா அதுல ரொம்ப நாள் இருக்க மாட்டா. கவர்மெண்ட் லிஸ்ட்ல இருக்கால்லா, இப்பம் வந்துரும்" என்றார் அப்பா.

பெரியவரின் முகம் வாடியது. அரசு வேலை என்றதும் முகம் வாடும் சம்பந்தியை அப்பா அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"அப்போ மோள் அதுல சேருமோ?"

"பின்னே? சேராம?"

நிலைமையைச் சரிசெய்ய அம்மா நுழைந்தாள். "பையன் என்ன செய்யான்?"

"ஏது பையன்?"

அதுவரை பேசாமல் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், லிஸ்ட்ல உங்களுக்கு அடுத்த ஆளு நான். இது எங்க மாமனார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

இங்கே அது ஒரு வழக்கம். லிஸ்ட் முடியப்போகும்போது, கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைத் தேடிப் போவார்கள். வேறு வேலையில் இருப்பவர் இந்த இடம் வேண்டாம் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தால், நியமனம் நேராக அடுத்தவருக்குப் போகும். எழுதிக் கொடுக்காமல் வெறுமனே சேராமல் இருந்தால், உத்தரவு எனக்கு வந்து, காத்திருந்து, திரும்பிப் போவதற்குள் லிஸ்ட் உயிரோடு இருக்குமா என்பது தெரியாது. எழுதிக் கொடுப்பதற்கு இங்கே படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்லும் பெயர் 'ரிலின்க்விஷ்மென்ட்'.

வந்திருந்த பெண்ணுக்கு வயது வரம்பு கடந்துவிட்டது. இன்னொரு தேர்வு கிடையாது. அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ ஒப்பந்த வேலை.

"தரலேன்னாலும் வெறுப்பில்ல, மேடம். கேக்காம இருந்தா எனக்கு உறக்கம் வராது. அதான் வந்தேன்" என்றார். என்னைவிட மூத்தவர் மேடம் என்று அழைத்தது காதில் உறுத்தியது.

"கேசரி கிண்டியாச்சு, சாப்பிட்டுட்டே போங்க" என்றாள் அம்மா.

அவர்கள் படியிறங்கியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு வட்டாயிட்டா? பைத்தியமா பிடிச்சிருக்கு? கவர்மெண்ட் ஜோலிய எழுதிக் குடுப்பாவளா யாராவது?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"மூஞ்சி சொல்லுது."

உண்மையில் எனக்கே தெரியவில்லை. அந்த வேலையை நான் விரும்பியதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் பயம். எங்கள் நிறுவனம் சிறியது. நாளைக்கு மூடினால்? பாலத்துக்குக் கணக்குப் போடும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் சேர்த்துத்தான் போடுவோம். அரசு வேலையை அப்படித்தான் வைத்திருந்தேன். எனக்கு உபரியாக இருந்தது அவருக்கு ஒன்றே ஒன்று.

அந்த வாரம் அகராதியைப் புரட்டினேன். விடுவதற்கு ஆங்கிலத்தில் நிறையச் சொற்கள். 'க்விட்' என்றால் பாதியில் எழுந்து போவது. 'ரிசைன்' செய்ய முதலில் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். 'அபாண்டன்' என்பதில் விட்ட பொருள் கேட்பாரற்றுக் கிடக்கிறது. 'சரண்டர்' தோற்றவர்கள் செய்வது. நம் ஊரில் கேஸ் சிலிண்டரையும் மிச்ச லீவையும்கூடச் சரண்டர் செய்வார்கள். 'ரிலின்க்விஷ்' என்பதற்கு உரிமையை, பதவியை, பிடியைத் தளர்த்தி விடுவது என்று போட்டிருந்தது. பெரும்பாலான எடுத்துக்காட்டுகளில் விடுகிறவருக்கு எதிரே வாங்கிக்கொள்ளும் ஒருவர் இருந்தார்.

தமிழில் தேடினால், கைவிடுதல் குற்றம்போல ஒலிக்கிறது. துறத்தல் என் அளவுக்கு ரொம்பப் பெரிது. விட்டுக்கொடுத்தல் பொருந்தியது. எங்கள் வீட்டில் அதை ஜன்னலோர சீட்டுக்கும் கடைசி அப்பளத்துக்கும்தான் சொல்வோம்.

"எனக்கு முன்னால இருக்க ஒருத்தர் எனக்காக எழுதிக் குடுத்திருந்தா, அவரை என்ன சொல்லுவீங்க?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"நல்ல மனுசன்னு சொல்லுவேன்." கொஞ்சம் யோசித்தார். "வட்டன்னும் சொல்லுவேன்."

வஞ்சியூரில் நோட்டரி அலுவலகத்துக்கு அப்பாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. வக்கீல் காகிதத்தைப் படித்துவிட்டு, யாராவது நிர்ப்பந்தித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார்.

"அச்சனுக்குச் சம்மதமா?"

"சம்மதமில்ல. கூட வந்தேன், அவ்வளவுதான்."

வக்கீல் சிரித்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து இருவரும் எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் குடித்தோம். உப்பு அதிகம் என்று அப்பா கடைக்காரரோடு சண்டை போட்டார். எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே லிஸ்ட் எங்கே நிற்கிறது என்று போனில் பார்ப்பது என் பழக்கமாகியிருந்தது. மறுநாளும் கை போனுக்குப் போனது. பார்க்க ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

இப்போதைய நிலவரம் இது. எனக்கு அடுத்த எண்ணில் இருந்தவர் நெடுமங்காட்டில் வேலையில் சேர்ந்துவிட்டார். என்னை இன்னும் மேடம் என்றுதான் அழைக்கிறார். நான் தம்பானூரிலேயே இருக்கிறேன். நிறுவனம் பெரிதாகவும் இல்லை, மூடவும் இல்லை. கடையில் யாராவது கேட்டால் அப்பா, "லிஸ்ட் முடிஞ்சு போச்சு" என்று மட்டும் சொல்கிறார். முடிந்துதான் போனது.