தனம் ஓட்டிய கப்பல்

போன வாரம் என் பிடிலைக் கேட்டு ஒரு வகுப்பே ஓடிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சிரிக்காதீர்கள்... நான் அவ்வளவு மோசமாக வாசிக்கிறவள் இல்லை!

ரங்கூனில் கலவரம் மூண்டதால் கப்பலேறித் திரும்பிய சில குடும்பங்கள், ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் தங்கியிருக்கின்றன. பெரியவர்கள் விடிந்ததும் தோல் கிடங்குகளில் வேலை தேடிப் போய்விடுவார்கள். பிள்ளைகள்? மூட்டைகளின் மேல் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் பாட்டு டீச்சர். வேறென்ன தெரியும் எனக்கு? பிடிலோடு போனேன்.

ஸ்வரம் பற்றி மூச்சுவிடவில்லை. நாலு தந்திக்கும் நாலு ஸ்டேஷன் பெயர் வைத்தேன். ஹாலின் ஒவ்வொரு மூலையும் ஒரு ஸ்டேஷன். எந்தத் தந்தியைச் சுண்டுகிறேனோ அந்த மூலைக்கு ஓட வேண்டும். சீக்கிரமே காது தேறிவிட்டது. "அது வாணியம்பாடி இல்ல டீச்சர், குடியாத்தம்!" என்று என்னையே திருத்தினார்கள்.

அந்தக் குஷியில் வில்லை எடுத்து, தடித்த தந்தியில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தேன். ஊம்ம்ம்...

அவ்வளவுதான். ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஓடினார்கள். ஒன்பது வயது தனம், தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தபடி அலறினாள்: "கப்பல் கெளம்புது! அப்பா இன்னும் ஏறல!"

ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் இப்படித்தான் ஊதிக் கிளம்பியபோது, நெரிசலில் அவள் அப்பா கரையிலேயே நின்றுவிட்டார். சாயங்காலம் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். "போதும் டீச்சரம்மா. பசங்க பேஜாராயிட்டாங்க. பிடில் பொட்டிய மூடிடுங்க."

மூடினால் பயம் போய்விடுமா? "நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார்," என்றேன்.

மறுநாள் பிடிலைத் தனத்தின் தோளில் வைத்து, வில்லைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். "இன்னிக்கு நீதான் கேப்டன். நீ ஊதினாதான் கப்பல் கெளம்பும்."

"நான் ஊதலைன்னா?"

"கெளம்பாது."

கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் ஏறுங்க!" என்றாள். பிள்ளைகள் பெஞ்சுகளில் ஏறினார்கள். வில் தந்தியின் மேல் இருந்தது. அவள் இழுக்கவில்லை.

"இன்னும் யாரு தனம்?"

"அப்பா வர்றாரு. இருங்க."

வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை.

"ஏறிட்டாரு," என்றாள் கடைசியில். வில்லை இழுத்தாள். கரகரப்புதான்... ஆனால் நடுங்காத, நீளமான சத்தம். யாரும் ஓடவில்லை. அவள் தம்பி கைதட்டினான்.

நிஜ அப்பாவிடமிருந்து இன்னும் சேதி இல்லை. தனத்தின் அம்மா தினமும் தபால்காரரை விசாரிக்கிறாள். ஆனால் இப்போது ஹாலில் கேப்டன் வேலைக்கு அடிதடி. எல்லாருக்கும் வில் பிடிக்க வந்துவிட்டது. பிள்ளைகள் பயந்த சத்தத்தை அவர்களிடமிருந்து ஒளிக்காதீர்கள் — அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

நேற்று ஹெட்மாஸ்டரும் வந்து பெஞ்சில் ஏறினார். கேப்டன் தனம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"டிக்கெட் இருக்கா சார்?"