ஏர்வாடிக் கூட்டத்தில் நின்ற வண்டி

1988 மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கரையில் கூத்தையா ஓட்டி வந்த பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கவில்லை. வண்டியைக் கரைச்சரிவில் ஏற்றி நிறுத்திவிட்டார். ஒரு பெண்ணுக்குக் கை ஒடிந்தது, மற்றவர்கள் தப்பினார்கள்.

பஸ் கம்பெனியின் ஷெட் மேனேஜர் வீரபத்திரன் சேதி கேட்டு ஓடிவந்தார்.

"எப்ப இருந்துய்யா இப்பிடி?"

"போன வாரத்துலருந்தே பிரேக்கு சரியில்லண்ணே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவீக. ரெடியாகுற வரைக்கும் வீட்டுல கெடக்கணும். பிள்ளைகளுக்குச் சோறு?"

கம்பெனி வழக்கம் அதுதான். பழுது சொன்ன டிரைவருக்கு வண்டி ரெடியாகும்வரை சம்பளமும் போகும், 'வண்டியக் கெடுத்தவன்' என்ற பேரும் வரும். வீரபத்திரனே பலரை அப்படி வீட்டுக்கு அனுப்பியவர். அன்று ராத்திரி அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் முதலாளி குருநாதனிடம் போய் நின்றார். "பழுது சொல்ற டிரைவர இனிமே வீட்டுக்கு அனுப்ப வேணாம்யா. வேற வண்டி குடுப்போம், இல்லாட்டி ஷெட்டுல வேலை குடுப்போம்."

"ஆளாளுக்கு ஒரு கொறை சொல்லிட்டு நெழல்ல படுத்துக்குருவாங்ய."

"படுக்கட்டும்யா. கொஞ்ச நாள் பாருங்க."

"என்னமும் செய். பொறுப்பு ஒன்னுது."

டிரைவர்களைக் கூட்டிச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகும் ஒருவரும் பழுது என்று வந்து சொல்லவில்லை. வண்டிகள் வெளியே போகப் போக வீரபத்திரன் ஷெட் வாசலிலேயே நின்று பார்த்தார். சாப்பிடும்போது ரோட்டில் ஹாரன் கேட்டால் கை அப்படியே நிற்கும்.

மனைவி நாகலெட்சுமி சொன்னாள்: "வாய மூடுனாத்தான் சோறுன்னு இத்தன வருசம் இருந்த ஆளுக. நீங்க ஒருநா சொன்னதும் தொறந்துருவாகளா?"

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடுத் திருவிழா வந்தது. ஸ்பெஷல் வண்டியில் படிக்கட்டு வரை கூட்டம். புறப்படும் நேரத்தில் கூத்தையா தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, ஸ்டீரிங்கு ஒரு பக்கமா இழுக்குற மாதிரி இருக்கு."

வீரபத்திரன் ஜனங்களை இறக்கினார். ஏச்சும் கூச்சலும் பறந்தன. மெக்கானிக் அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை.

"இப்ப என்ன சொல்ற?" என்று வீரபத்திரனிடம் கேட்டார் குருநாதன், எல்லோர் முன்பாகவும்.

மற்ற டிரைவர்கள் வீரபத்திரனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூத்தையாவின் முகம் வெளிறிக் கிடந்தது. வீரபத்திரனுக்கு நாக்கு நுனி வரை கெட்ட வார்த்தை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிருச்சுல்ல, நல்லதுதான். வண்டிய எடு கூத்தையா. இன்னொரு வாட்டி தோணுனாலும் சொல்லு."

மறுநாள் காலை அவருக்கு முன்பே ஷெட் வாசலில் டிரைவர்கள் நின்றார்கள். ஒருவர் கிளட்ச் என்றார், இன்னொருவர் டயர் என்றார். சோணைமுத்து என்பவர், கதவு ஆடுவதாகச் சொன்னார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு மெக்கானிக்கைச் சேர்த்தார்; மாற்றுக்கென்று ஒரு பழைய வண்டியும் வாங்கினார். வண்டிகள் கெடாமல் இல்லை. பாதி வழியில் நிற்பது குறைந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வீரபத்திரன் தேவிபட்டினம் போக அதே கம்பெனி பஸ்ஸில் ஏறினார். டிரைவர் புது ஆள்.

"வண்டி எப்பிடிப்பா?"

"பிரேக்கு லேசா எறங்கி இருந்துச்சு. காலையிலயே சொன்னேன், பாத்துட்டுத்தான் விட்டாக. உக்காருங்கய்யா."

அப்படியும் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை பிரேக்கை மிதிக்கும் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு போனார்.