பாகற்பந்தலுக்கு அடியில் ஒரு துவக்கு

நீக்கிலாப்பிள்ளை அங்கிளிடம் இருந்த துவக்கு பார்வைக்கு ரைபிள், சட்டத்துக்குக் கைத்துப்பாக்கி. குழல் குட்டை, தோளில் அணைக்கும் பிடி இல்லை. மன்னாரில் ஒரு சோதனைச்சாவடியில் ஆமி துவக்குப் பிடியால் அடித்து உடைத்த அவருடைய வலது தோள் பிறகு சரியாகப் பொருந்தவேயில்லை. ரைபிளை அதில் அணைக்க முடியாது. இதை இரண்டு கையாலும் முன்னே நீட்டிப் பிடிக்கலாம் என்றுதான் வாங்கினார்.

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் வில்லரேப் பகுதியில் அவர் வீட்டின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு உறைய வைத்த மீன் கிடங்கில் வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருவன்தான் முதலில் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப் போனான். ஏன் இந்த ஆசை என்று ஒருநாள் கேட்டேன்.

“நீளத் துவக்கெல்லாம் எனக்கு நேரே நீட்டினபடிதான் கண்டனான், பிள்ளை. ஒருக்கா மற்றப் பக்கம் நிண்டு பாக்கோணும் போல கிடந்தது.”

கைத்துப்பாக்கி என்பதால் விதிகள் அதிகம். வகுப்பு, பரீட்சை, கழக அங்கத்துவம், ஆண்டுதோறும் ஒரு சோதனை. வீட்டிலிருந்து கழகத்துக்கு நேரே கொண்டுபோய் நேரே கொண்டுவர ஒரு அனுமதி. வழியில் மூலைக்கடை டிப்பனரில் பால் வாங்கக்கூட அவர் நிறுத்தியதில்லை. விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. கிறேஸ் அன்ரி போட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்ரியின் தம்பி பற்றிக் என்பவர் பிறந்தநாள் விழாக்களில் எல்லோருக்கும் கேட்கும்படி கதைப்பார்.

“அத்தான் இயக்கத்துக்குப் பயந்து ஓடின ஆள். இப்ப சனிக்கிழமையில போராடுறார்.”

அங்கிளும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அதனால் இரண்டு மாடிக் கடிதங்களும் என்னிடம் வந்தன. வேகமாக வாசித்து, இரண்டு வரியில் சொல்லி அனுப்பிவிடுவேன். 2020 கோடையில் வந்த கடிதத்தையும் அப்படித்தான் சொன்னேன். இந்த வகை இனித் தடை, கழகத்துக்குக் கொண்டுபோக முடியாது, விற்க முடியாது, கையளிக்கும் நாள் வரும்வரை வீட்டிலேயே பூட்டி வையுங்கோ.

“கையளிக்கப் போறவையின்ர பேர் எழுதுவினமோ?”

“ஏற்கனவே பதிஞ்சுதானே கிடக்கு, அங்கிள்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போர் முடிவில் ஆமியிடம் தங்களைக் கையளிக்கப் போய், பெயரைக் கொடுத்து, பிறகு படமாக மட்டும் தாய்மாரின் கையில் மிஞ்சியவர்களை அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒவ்வொரு மே மாதமும் அதற்காக மெழுகுதிரி கொளுத்துகிறவள் நான். அந்தக் கேள்வியை அதோடு சேர்த்துப் பார்க்க ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

தடை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஊரில் செய்ததையே எனக்குத் தெரியாமல் செய்தார். கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு மூடி, பின்வளவில் பாகற்பந்தலுக்கு அடியில் புதைத்தார். அங்கே படங்களையும் ரேடியோவையும் தாலிக்கொடியையும் அப்படித்தான் காப்பாற்றியிருந்தார்கள். நிலவறையில் துவக்குக்கென்று இருந்த இரும்புப்பெட்டி வெறுமையாகப் பூட்டியே கிடந்தது.

வீட்டில் குடியுரிமை இல்லாதவர் அவர் ஒருவர்தான். மொழிச் சோதனைக்குப் பயந்து ஐம்பத்தைந்து வயதுவரை காத்திருந்தார். அந்த வயதுக்குப் பிறகு சோதனை இல்லை. விமான நிலையத்தில் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. போன வருடம் நான்தான் விண்ணப்பத்தை நிரப்பினேன். சத்தியப்பிரமாணத்துக்கு முன் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று, அவரைக் கேட்காமலே பொலிஸுக்கு அழைத்துத் துவக்கைக் கையளிக்க நாள் எடுத்தேன். வியாழன் காலை பத்து மணிக்கு வந்து எடுப்பார்கள்.

சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“இப்ப மாசி எல்லோ, பிள்ளை.”

“அவை காரில வருவினம், அங்கிள். குளிர் அவைக்குத்தானே.”

 ஏன் மாசியைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

புதன் மதியம் குளிர் மைனஸ் பத்தொன்பது. எங்கள் பின்பக்க பல்கனிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அவர் கொதிதண்ணீர்ப் பானைகளைக் கொண்டுவந்து பனியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அலவாங்கால் குத்தினார். நிலம் இரும்பாய் இருந்தது. மறுபடி ஊற்றினார், குத்தினார். இரண்டு மணித்தியாலம் கழித்துக் குழாய் வெளியே வந்தபோதுதான் அவர் மாசி என்றது எனக்கு விளங்கியது. துருப்பிடித்ததோ என்று பார்க்க அதை உருவி, இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நீட்டினார். ஒழுங்கையின் அந்தப்பக்கம் யாரோ தொலைபேசி எடுத்திருக்க வேண்டும்.

ஒழுங்கையின் இரு முனையிலும் பொலிஸ் வந்தது. பிரெஞ்சில் கத்தினார்கள். அவருக்கு விளங்கியிருக்காது, ஆனாலும் அவர்கள் சொல்லி முடிக்குமுன் துவக்கைப் பனியில் வைத்து முழந்தாளில் இருந்தார். இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். வலது கை தோளுக்குமேல் எழவில்லை. மற்றக் கையையும் தூக்கு என்று கத்தினார்கள். மறுபடி கத்தினார்கள். கடைசியில் ஒருவன் வந்து அந்தக் கையை முறுக்கி உயர்த்தினான். அங்கிள் போட்ட சத்தம் கண்ணாடிக்குள் வந்தது.

எனக்கு நல்ல பிரெஞ்சு தெரியும். கண்ணாடிக் கதவைத் தள்ளி, அவர் கை ஏலாதவர், நாளைக்கு உங்களிடமே தருவதற்காகத்தான் எடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். நான் வாய் திறக்கவில்லை. கைப்பிடியில் கை இருந்தது.

பாதுகாப்பில்லாமல் வைத்திருந்ததாக வழக்குப் பதிந்தார்கள். பிணையில் வெளியே வந்த ஞாயிறன்று பற்றிக் வந்திருந்தார்.

“அஞ்சு வருசம் புதைச்சு வைச்சு ஒரு நாள் முந்தி பிடிபட்டிருக்கிறார் அத்தான். இயக்கம் இவரை எடுக்காதது நல்லதாப் போச்சு.”

கிறேஸ் அன்ரியும் சிரித்தார். அங்கிள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மூன்று கிழமை கழித்து ஒரு கடிதத்தோடு மேலே ஏறி வந்தார். இந்த முறை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சத்தியப்பிரமாணத்துக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். விண்ணப்பித்த பிறகு குற்ற வழக்கு ஏதும் வந்திருந்தால் அறிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. வழக்கு முடியும்வரை குடியுரிமை கொடுக்கமாட்டார்கள். முடிந்த பிறகும் தீர்ப்பைப் பொறுத்துத்தான். அவர் நின்றபடியே கேட்டார்.

“என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு போறது, பிள்ளை?”

“போகேலாது, அங்கிள்.”

கடிதத்தை இடது கையால் வாங்கி, நான்காக மடித்து, படியில் இறங்கிப் போனார்.