ஸ்டோயனின் பிறப்பிடம்

எங்கட தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில, கடைச் சுவரில ஒட்டியிருக்கிற மரண அறிவித்தலை நிண்டு வாசிக்காமல் நான் போறதில்லை. செத்தது எந்த ஊர் ஆள் எண்டு பார்க்கவேணும். அவ்வளவுதான்.

போன மாசம் நானே ஒண்டு எழுதவேண்டி வந்தது. எங்கட சாப்பாட்டுக் கடையில என்னோட கோப்பை கழுவின பல்கேரியன் ஸ்டோயன் மாரடைப்பில செத்துப்போனான். சொந்தமெண்டு ஒருத்தரும் வரேல்லை.

"அவனுக்கும் ஒண்டு அடிச்சு ஒட்டுவம். எந்த ஊராம்?" எண்டார் முதலாளி அண்ணை.

எனக்குத் தெரியும். தேத்தண்ணி குடிக்கேக்க ஈர விரலால மேசையில கீறிக் காட்டுவான். இது தன்யூப் ஆறு, இது செர்பியா எல்லை, இடையில விடின் மாகாணம். அதில பொய்னிட்சா எண்டு ஒரு சின்ன நகரசபை. "இளம் ஆக்கள் எல்லாம் வெளிக்கிட்டாச்சு. கிழடுகள்தான் மிச்சம்" எண்டு சிரிப்பான். சொல்லி முடிக்க முந்தி கீறினது காஞ்சிடும்.

"பல்கேரியா பொய்னிட்சாவைப் பிறப்பிடமாகவும், ஆர்ஜொந்தெய்யை வதிவிடமாகவும் கொண்ட..." எண்டு எழுதிக்கொண்டு போனன். கடைசியில "தகவல்: குடும்பத்தினர்" எண்ட இடத்தில கை நிண்டிட்டுது.

"அண்ணை, இதில ஆற்ற பேரைப் போடுறது?"

"உன்ரயைப் போடு."

பேரும் போன் நம்பரும் போட்டன். ஒருத்தரும் எனக்குப் போன் அடிக்கேல்லை. சனம் நிண்டு ஊரை வாசிச்சிட்டு, எங்கட ஆள் இல்லையெண்டு போகுது.

என்னட்டையும் எங்கட ஆக்கள் ஊர்ப்பேரைக் கேட்டதோட சரி. அந்த ஊரில எங்கட வீடு எங்கை, கிணறு எங்கை, எல்லாம் எப்பிடி அழிஞ்சுபோச்சு எண்டு நான் கீறிக் காட்டினது ஸ்டோயனுக்கு மட்டும்தான்.